வேகமா, மெதுவா? - ஒரு என்சைமின் பூர்வீகம்

ஆபீஸில் ஆணி அதிகம். பதிவு எழுதி மூன்று மாதமாகிவிட்டது. இந்த வாரமும் எழுதியிருக்க மாட்டேன், தம்பி எழுத வைத்துவிட்டான்.

போன ஞாயிறு காலை திருப்பூரிலிருந்து வாட்ஸப்பில் அவன் செய்தி. "அண்ணா, இதைப் பார்த்துட்டு கூப்புடுங்க. பயமா இருக்குதுங்ணா." கூடவே நாற்பது பக்க பிடிஎஃப் ஒன்று. யாரோ சொன்னார்கள் என்று ஒரு குழாயில் எச்சில் துப்பி கூரியரில் அனுப்பியிருக்கிறான். டிஎன்ஏ ஜாதகம் வந்திருக்கிறது. பதினேழாம் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நாட்-2 என்சைம்: வேக வகை. பெருங்குடல் புற்றுநோய் அபாயம்: கூடுதல்."

எங்கள் அப்பா போனது அந்த நோயில்தான், 2011ல். கண்டுபிடித்தபோது அவருக்கு 58 வயது. அதற்கு முன் ஒரு வருடமாக ரத்தம் போனதை மூலம் என்று சொல்லி மறைத்துக்கொண்டு, களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்த எட்டாவது மாதம் இல்லை. ஆகவே அந்தச் சிவப்பு வரியைப் படித்ததும் தம்பிக்கு என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்கவே வேண்டியதில்லை. இரண்டு நாளாகக் கறி தொடவில்லையாம், சரியாகத் தூங்கவும் இல்லையாம்.

நான் டாக்டர் இல்லை. மும்பையில் மருந்து கம்பெனியில் புள்ளிவிவரம் பார்க்கிற ஆள். ஆனால் அந்த ஒற்றை வரி எங்கிருந்து கிளம்பி, எந்தெந்த ஊர் வழியாக எங்கள் வீட்டு வாட்ஸப்புக்கு வந்து சேர்ந்தது என்று கொஞ்சம் தெரியும். அவனுக்குப் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன்.

கொசுவத்தியைக் கொளுத்தினால் புகை காசநோயில் போய் நிற்கிறது. ஐசோனியசிட் என்ற மருந்தை 1912லேயே பிராக் நகரில் இரண்டு வேதியியலாளர்கள் தயாரித்துவிட்டார்கள். அது எதற்கு உதவும் என்று யாருக்கும் தெரியவில்லை. நாற்பது வருடம் அலமாரியில் தூங்கியது. 1952ல்தான் காசநோய்க்கிருமியைக் கொல்லும் என்று உலகத்துக்குத் தெரிந்தது. நியூயார்க்கின் ஸீ வியூ ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள்.

ஆனால் ஒரு வினோதம். எல்லோருக்கும் ஒரே அளவு மருந்து கொடுத்தாலும், சிலர் உடம்பில் அது சீக்கிரம் காணாமல் போனது, சிலர் உடம்பில் மணிக்கணக்காகத் தங்கியது. தங்கியவர்களில் பலருக்குக் கை கால் மரத்துப்போனது, பாதம் எரிந்தது. கல்லீரலில் இருக்கும் ஒரு என்சைம் மருந்தின்மேல் அசிட்டைல் என்ற சின்ன வால் ஒன்றை ஒட்டிவிடுகிறது; வால் ஒட்டியதும் மருந்து செயலிழந்து வெளியேறுகிறது. சிலருக்கு ஒட்டுகிற வேலை வேகமாக நடக்கிறது, சிலருக்கு மெதுவாக. 1960ல் பிரைஸ் எவன்ஸ், மேன்லி, மெக்குசிக் மூவரும் குடும்பம் குடும்பமாகச் சோதித்து, இது பரம்பரையாக வருவது என்று காட்டினார்கள். ரத்தத்தில் இருந்த மருந்தின் அளவைப் படமாக வரைந்தால் இரட்டைத் திமில் ஒட்டகம் மாதிரி இரண்டு மேடு வந்தது. ஒரு மேடு வேகக்காரர்கள், இன்னொன்று மெதுவானவர்கள். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் மெதுவான பிரதியே வந்தால்தான் பிள்ளை மெதுவான ஆள்.

இந்தக் கதையில் நம்ம சென்னைக்கும் ஒரு அத்தியாயம் உண்டு. 1956ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சிக்கென்று ஒரு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நான்கும் சேர்ந்த முயற்சி. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் வழிநடத்தினார். சானடோரியத்தில் படுக்க வைத்துக் கொடுத்தாலும், நகரத்தின் ஏழைக் குடும்பங்களுக்கு வீட்டில் வைத்தே கொடுத்தாலும், மாத்திரை ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது என்று 1959ல் அவர்கள் வெளியிட்ட முடிவு உலகமெங்கும் காசநோய் மருத்துவத்தையே மாற்றியது. இன்றைக்கு அதுதான் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அதே மையத்தில்தான் நம் மக்களில் யார் வேகம், யார் மெது என்றும் எண்ணினார்கள். கங்காதரம், ராதாகிருஷ்ணா முதலானோர் 1961ல் எழுதிய கட்டுரையின்படி, தென்னிந்திய நோயாளிகளில் சுமார் பத்துக்கு ஆறு பேர் மெதுவானவர்கள். கால் எரிச்சல் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் வந்தது என்றும், வைட்டமின் பி6 கொடுத்தால் தடுக்கலாம் என்றும் அதே மையத்தின் வேலைகள் காட்டின. இன்றும் டிபி மாத்திரையோடு பி6 மாத்திரை கொடுக்கிறார்களே, அதற்குப் பின்னால் சேத்துப்பட்டும் இருக்கிறது. (சென்னையில் நான்கு வருடம் அந்தப் பக்கமாகவே பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். எட்டிப் பார்த்ததில்லை.)

இதுவரை புற்றுநோய் வரவே இல்லை, கவனித்தீர்களா? அது சாயப்பட்டறை வழியாக வருகிறது. திருப்பூர்க்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரவும்.

1856ல் லண்டனில் பெர்கின் என்ற பையன் தற்செயலாக ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து செயற்கைச் சாயத் தொழில் வளர்ந்து ஜெர்மனியில் கொடிகட்டிப் பறந்தது. 1895ல் பிராங்க்பர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், சாய ஆலைத் தொழிலாளர்கள் சிலருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருகிறது என்று சொன்னார். ஆலை முதலாளிகள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை, எந்த ஊர் முதலாளிதான் ஒத்துக்கொள்வார்? 1938ல் அமெரிக்காவில் ஹியூப்பர் நாய்களுக்கு நாஃப்தைலமின் கொடுத்து அதே கட்டியை வரவைத்துக் காட்டினார். எலிக்கும் முயலுக்கும் வராதது நாய்க்கு ஏன் வந்தது? பல வருடம் கழித்துத் தெரிந்த ஒரு விஷயம் இங்கே பொருந்துகிறது: நாய்களுக்கு இந்த அசிட்டைல் ஒட்டும் ஜீனே கிடையாது. இயற்கையிலேயே அவை மெதுவுக்கும் மெது.

சாயத்தில் இருந்த அமீன்களும் ஐசோனியசிட் போலத்தான். அசிட்டைல் வால் ஒட்டினால் அடங்கிவிடும். ஒட்டத் தாமதமானால், வேறு வழியில் மாறிச் சிறுநீர்ப்பையில் போய் வேலையைக் காட்டும். ஆக, மெதுவானவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் இருக்க வேண்டும். 1982ல் இங்கிலாந்தின் கார்ட்ரைட் குழு, சாயத்தொழிலில் இருந்து சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்த 23 பேரைச் சோதித்தது. 22 பேர் மெதுவானவர்கள்! இவ்வளவு பளிச்சென்று ஒரு முடிவு கிடைப்பது எங்கள் தொழிலில் அபூர்வம்.

1994ல் ஜெர்மனி இப்படிப்பட்ட அமீன்களை விடுவிக்கும் அசோ சாயங்கள் கொண்ட துணியைத் தடை செய்ததும், 1997ல் இந்தியாவும் அந்தச் சாயங்களைத் தடை செய்ததும் இந்த நீண்ட கதையின் வால்தான். பனியன் ஏற்றுமதிக்கு 'அசோ ஃப்ரீ' சான்றிதழ் தேடி அலைந்தவர்களுக்கு அதன் பின்னால் பிராங்க்பர்ட் தொழிலாளிகளின் ரத்தம் இருப்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

இப்போது குடலுக்கு வருவோம். இங்கே கதை தலைகீழாகிறது.

டோக்கியோவில் தேசியப் புற்றுநோய் மையத்தில் தகாஷி சுகிமுரா என்றொரு விஞ்ஞானி. சுட்ட மீனின் புகையையும் கருகலையும் எடுத்து, அப்போது புதிதாக வந்திருந்த ஏம்ஸ் சோதனையில் போட்டுப் பார்த்தார். பாக்டீரியாவின் மரபணுவை ஒரு பொருள் கெடுக்கிறதா என்று காட்டும் சோதனை அது. பாக்டீரியாக்கள் தாறுமாறாக மாறின. 1977ல் அதை வெளியிட்டார்கள். 1980ல் சுட்ட மத்தி மீனிலிருந்தே குற்றவாளிகளைப் பிரித்தெடுத்தார்கள். ஹெட்டரோசைக்ளிக் அமீன்கள் என்று பெயர், சாய அமீன்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள். 1986ல் அமெரிக்காவில் லிவர்மோர் ஆய்வகத்தில் வறுத்த மாட்டிறைச்சியிலிருந்து ஃபிப் என்ற இன்னொன்றைப் பிடித்தார்கள். அணுகுண்டு வடிவமைக்கும் இடத்தில் கறி வறுத்திருக்கிறார்கள்! அதைத் தின்ற ஆண் எலிகளுக்குப் பெருங்குடலில் கட்டி வந்தது.

தசையில் இருக்கும் கிரியேட்டின், அமினோ அமிலம், சர்க்கரை மூன்றும் கடும் சூட்டில் சேர்ந்தால் இவை உருவாகும். சுடுவது, தணலில் வாட்டுவது, கருக வறுப்பது எல்லாம் இதில் சேர்த்தி. தண்ணீரில் கொதிக்கும் குழம்பில் அந்தச் சூடு வராது, அங்கே இவை மிகக் குறைவு.

இந்த அமீன்கள் உடம்பில் இரண்டு படி ஏறுகின்றன. கல்லீரலில் சிப்-1ஏ2 என்ற என்சைம் முதலில் ஆக்சிஜனைச் சேர்க்கிறது. பிறகு குடல் சுவரில் நம்ம நாட்-2 வந்து அசிட்டைலை ஒட்டுகிறது. சாய அமீனுக்கு வால் ஒட்டினால் அடக்கம். இங்கே ஆக்சிஜன்மேல் வால் ஒட்டினால் அது டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்கிறது! அதே என்சைம், அதே வேலை. ஓரிடத்தில் காவல்காரன், இன்னோரிடத்தில் திருடனுக்குக் கதவு திறப்பவன். ஆக, சிறுநீர்ப்பையில் மெதுவானவனுக்கு ஆபத்து என்றால், குடலில் வேகமானவனுக்கு ஆபத்து இருக்க வேண்டும்.

1986ல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் லாங், கட்லுபர் முதலானோரும், 1987ல் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் ஐலெட் குழுவும், குடல் புற்றுநோயாளிகளில் வேகக்காரர்கள் அதிகம் என்று எழுதினார்கள். யார் வேகம், யார் மெது என்று கண்டுபிடிக்க ஐசோனியசிட்கூடத் தேவையில்லை. காப்பி போதும். கஃபீனை உடைக்கும் வேலையிலும் இந்த இரண்டு என்சைம்களுக்கும் பங்கு இருக்கிறது. ஒரு வாய் காப்பி, சில மணி நேரம் கழித்துச் சிறுநீர், அதில் மிஞ்சியவற்றின் விகிதம், அவ்வளவுதான். டிகிரி காப்பி குடித்து வளர்ந்த நமக்கு இதைவிடச் சுகமான பரிசோதனை ஏது?

அதே ஆர்கன்சா குழு 1994ல் ஒரு கட்டுரை போட்டது. இரண்டு என்சைமும் வேகமாக இருந்து, கறியை நன்றாகக் கருக வறுத்துத் தின்பவர்களுக்குக் குடல் புற்றுநோய் அல்லது குடல் கட்டி வரும் அபாயம் ஆறு மடங்குக்கு மேல் என்றது. தம்பியின் ரிப்போர்ட்டில் இருக்கும் சிவப்பு வரிக்குத் தாத்தா இந்தக் கட்டுரை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அழகான கோட்பாடு. வேதியியல் பொருந்துகிறது, எலி ஒத்துக்கொள்கிறது. அப்புறம் ஏன் நான் தம்பியைத் தூங்கச் சொன்னேன்?

முதலாவது, எண்ணிக்கை. அந்த 1994 ஆய்வில் நோயாளிகள் நூறு பேர்கூட இல்லை. அவர்களை வேகம்-மெது, மறுபடி வேகம்-மெது, கருகல்-பதம் என்று வெட்டிக்கொண்டே போனால் கடைசிப் பெட்டியில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? நாலைந்து பேர் இடம் மாறி உட்கார்ந்தாலும் ஆறு மடங்கு மூன்றாகிவிடும், அல்லது ஒன்றாகிவிடும். என் வேலையில் தினமும் பார்க்கும் விபத்து இது.

இரண்டாவது, பிறகு வந்த ஆய்வுகள். 1990ல் பாஸல் நகரில் நாட்-2 ஜீனைப் பிரித்தெடுத்த பிறகு காப்பியும் வேண்டாம், சிறுநீரும் வேண்டாம், ரத்தத் துளியில் நேரடியாக ஜீனையே படிக்கலாம் என்றானது. சோதனை எளிதானதும் நோயாளிகள் ஆயிரக்கணக்கானார்கள், ஆயிரக்கணக்கானதும் அபாயம் கரையத் தொடங்கியது. 2000ல் அதுவரை வந்தவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, வேக வகை மட்டுமே குடல் புற்றுநோயைக் கூட்டுகிறது என்பதற்குச் சீரான ஆதாரம் இல்லை. ஹவாயில் 2001ல் வந்த ஆய்வு மாதிரி சிலவற்றில், புகைப்பிடித்தலும் கருகல் கறியும் இரண்டு வேக என்சைமும் சேர்ந்தவர்களிடம் மட்டும் அபாயம் தலைகாட்டியது. 2015ல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து, சிவப்பு இறைச்சியின் தீங்கை நாட்-2 கூட்டுகிறதா என்று தேடியபோது, இல்லை என்றே வந்தது. இதற்கிடையே 2007லிருந்து மொத்த மரபணுத் தொகுதியையும் சல்லடை போட்டுத் தேடும் ஆய்வுகள் வந்தன. முதலில் சிக்கியது எட்டாம் குரோமசோமின் நீளக் கையில் ஓர் இடம். நாட்-2 இருப்பதும் அதே எட்டாம் குரோமசோம்தான், ஆனால் குட்டைக் கையில். பக்கத்துத் தெருகூட இல்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த வாதம். ஜப்பானியரில் பத்துக்கு ஒன்பது பேர் வேகக்காரர்கள். ஆனால் அறுபது எழுபது வருடங்களுக்கு முன் அங்கே பெருங்குடல் புற்றுநோய் குறைவு. அவர்களே ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் குடிபெயர்ந்ததும் அது ஏறியது, பிறகு ஜப்பானுக்கு உள்ளேயும் ஏறியது. ஜீன் மாறவில்லை, கப்பல் ஏறியதும் சாப்பாடும் வாழ்க்கையும்தான் மாறின. நம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். மெது-வேக விகிதத்தில் நாமும் ஐரோப்பியர்களும் ஏறக்குறைய ஒன்றுதான். குடல் புற்றுநோயோ அவர்களைவிட நமக்குப் பல மடங்கு குறைவு. நாட்-2தான் வில்லன் என்றால் இது எப்படி?

அந்த ரிப்போர்ட்டின் சிவப்பு மை பத்துத் தமிழரில் நாலு பேருக்கு விழும். ஜப்பானில் விற்றால் மை தீர்ந்துவிடும்.

பதினெட்டாம் பக்கத்தில் எம்டிஹெச்எஃப்ஆர் என்று இன்னொரு என்சைமும் இருந்தது. ஃபோலேட் என்ற வைட்டமினைக் கையாளும் என்சைம். ஃபோலேட்டின் கதை நான் இருக்கும் இந்த ஊரில் பிறந்தது. 1928ல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர், கர்ப்பிணிகளின் கடும் ரத்தசோகை ஈஸ்ட் சாற்றில் குணமாவதைப் பரேலில் ஹாஃப்கின் நிறுவனத்தில் இருந்துகொண்டு கண்டுபிடித்தார். அந்தச் சாற்றில் இருந்ததுதான் பிற்பாடு ஃபோலிக் அமிலம் ஆனது. 1995ல் எம்டிஹெச்எஃப்ஆரின் மந்தமான வகை ஒன்றை அடையாளம் கண்டார்கள். மறுவருடமே, அது இரட்டையாக இருப்பவர்களுக்கு, ஃபோலேட் போதிய அளவு இருந்து குடியும் குறைவாக இருந்தால், குடல் புற்றுநோய் குறைகிறது என்று செய்தி வந்தது. ஆகா, எல்லோருக்கும் ஃபோலிக் மாத்திரை கொடுப்போம் என்று சோதித்தார்கள். 2007ல் முடிவு வந்தது. மாத்திரை குடல் கட்டிகளைத் தடுக்கவில்லை. ஒரு என்சைம் கதையிலிருந்து நேரே ஒரு அறிவுரைக்குத் தாவினால் கால் இடறும் என்பதற்கு இதுவும் சாட்சி.

அப்படியானால் நாட்-2 வீணா? இல்லை. டிபி மருந்து யாருக்குக் கல்லீரலைப் படுத்தும் என்று கணிக்க இன்றும் அது உதவுகிறது. சேத்துப்பட்டில் எண்ணியது எண்ணிய இடத்தில் நிற்கிறது. கருகிய கறி நல்லது என்றும் நான் சொல்லவில்லை. 2015ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, சாசேஜ், பேக்கன் மாதிரி பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்றும், சிவப்பு இறைச்சியை அநேகமாக உண்டாக்கக்கூடியது என்றும் வகைப்படுத்தியது. அது எல்லோருக்கும் பொது. வேகமானவனுக்குத் தனிச் சட்டம் இல்லை.

ஞாயிறு இரவு தம்பியிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். "அப்ப கறி சாப்புடலாமுங்களாண்ணா?" என்றான். சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. ஏனென்றால் அந்த நாற்பது பக்கத்தில் ஒரு கேள்வி எங்குமே இல்லை: உங்கள் அப்பாவுக்கு என்ன நோய்? பெற்றவர்களிலோ உடன்பிறந்தவர்களிலோ ஒருவருக்குக் குடல் புற்றுநோய் இருந்தால் நமக்கு அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதைச் சொல்ல எச்சில் தேவையில்லை. அப்படிப்பட்டவர்கள் நாற்பது வயதிலோ, அல்லது வீட்டில் நோய் வந்தவரின் வயதுக்குப் பத்து வருடம் முன்னதாகவோ, எது முந்தியோ அப்போது கொலனோஸ்கோபி தொடங்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். குடலில் வரும் சின்னக் கட்டிகள் புற்றாக மாறப் பல வருடங்கள் எடுத்துக்கொள்கின்றன. அதற்குள் பார்த்து எடுத்துவிட்டால் பெரும்பாலும் புற்றே வராது. 1993லேயே நிரூபித்த விஷயம் இது.

எனக்கு நாற்பது ஆனபோது நான் செய்துகொண்டேன். ஒரு சின்னக் கட்டி இருந்தது, அங்கேயே எடுத்துவிட்டார்கள். இதை வீட்டில் யாரிடமும் விலாவாரியாகச் சொல்லவில்லை. அம்மா பயப்படுவாள் என்று நினைத்தேன். "ஒரு டெஸ்ட் எடுத்தேன், ஒண்ணுமில்ல" என்று முடித்துவிட்டேன். அப்பா மூலம் என்று சொல்லி மறைத்தார், நான் ஒன்றுமில்லை என்று சொல்லி மறைத்தேன். என்ன பெரிய வித்தியாசம்? தம்பிக்கு இப்போது நாற்பத்தொன்று. எவனோ விற்ற சிவப்பு வரி தப்பான காரணத்துக்காக அவனைப் பயமுறுத்தியது. சரியான காரணத்தைச் சொல்ல வேண்டிய அண்ணன் ஐந்து வருடமாக வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்குத் திறந்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "ஏங்ணா சொல்லல?" என்று மட்டும் கேட்டான். பதில் இல்லை என்னிடம்.

நேற்று போன் செய்தான். கோயம்புத்தூரில் டாக்டரைப் பார்த்துவிட்டானாம். அடுத்த வியாழக்கிழமை கொலனோஸ்கோபி. முந்தின நாள் குடலைக் கழுவ அந்த உப்புத் தண்ணீர் குடிக்க வேண்டுமே, அது எப்படி இருக்கும் என்று கேட்டான். கண்றாவியாக இருக்கும் என்று உண்மையைச் சொன்னேன். இனிமேல் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு.

டிஸ்கி: மேலே சொன்னபடி நான் டாக்டர் இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்திருந்தால், அது எத்தனை வயதில் வந்தது என்று முதலில் விசாரித்து வையுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.